பிள்ளையின் நாவில் குடும்பத்தின் சுமை: புதிய நாட்டில் முதல் நாட்களும் பெற்றோரின் பொறுப்பும்

ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில், மாசி மாதத்து இரவொன்றில், ஒரு குடும்பம் ஒன்றுசேர்கின்றது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் தனியாக வந்து, அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்ட பின்னர் மனைவி பிள்ளைகளுக்கும் சேர்த்து நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பித்த தந்தை, மூன்று குளிர் அங்கிகளைக் கையில் ஏந்தியபடி காத்து நிற்கின்றார். ஆறு வயது மகன் தந்தையைத் தொலைபேசித் திரையில் மட்டுமே அறிந்தவன். தாயின் பின்னால் ஒளிந்துகொள்கின்றான். பன்னிரண்டு வயது மகளோ கடவுச்சீட்டுகளையும் குடிவரவுப் பத்திரங்களையும் ஒரு கோப்பில் அடுக்கி மார்போடு அணைத்தபடி வருகின்றாள். அதிகாரி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை கூறியவள் அவளே. "பிள்ளைதான் இங்கிலிஸிலை எல்லாம் கதைச்சவள்" என்று தாய் பெருமையுடன் கூற, தந்தையின் கண்கள் கலங்குகின்றன.

இது எந்தவொரு தனிக் குடும்பத்தின் கதையும் அன்று. புலம்பெயர்ந்த நாடுகளில் வந்திறங்கிய பல தமிழ்க் குடும்பங்களின் முதல் நாட்களைச் சேர்த்து நோக்கினால் தெரியும் பொதுச் சித்திரமே இது. அந்த இரவில் தாய் அடைந்த பெருமை நியாயமானது. ஆனால் அன்று தற்செயலாகப் பிள்ளையின் கையில் சென்ற கோப்பு, பின்னர் பல ஆண்டுகளுக்கு அவளது கையிலேயே தங்கிவிடுகின்றது. அதுவே இங்கு சிந்திக்கப்பட வேண்டியது.

முதல் மூன்று வாரங்கள்

புதிய நாட்டில் முதல் வாரங்கள் படிவங்களால் ஆனவை. ஒன்பது இலக்கங்களைக் கொண்ட சமூகக் காப்புறுதி இலக்கம் பெறவேண்டும். வங்கிக் கணக்குத் திறக்கவேண்டும். ஒன்ராறியோவின் சுகாதார அட்டைக்கு விண்ணப்பிக்கவேண்டும். முன்னர் புதிதாக வந்த பெரும்பாலோர் இதற்கு மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது, 2020 மார்ச்சில் அந்தக் காத்திருப்பு நீக்கப்பட்டது. பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்ப்பதற்குத் தடுப்பூசிப் பதிவுகளைத் தேடி எடுக்கவேண்டும். பிள்ளைகளுக்கான அரச உதவித்தொகைக்குப் படிவம் நிரப்பவேண்டும்.

தந்தை இரவில் தொழிற்சாலையிலும் வார இறுதியில் உணவகத்திலும் வேலை செய்பவர். ஐந்து ஆண்டுகள் கனடாவில் வாழ்ந்தும் அவருக்கு ஆங்கிலம் பெரிதாக வாய்க்கவில்லை. தொழிற்சாலையில் உடன் நிற்பவர்கள் தமிழர், கடை தமிழ்க்கடை, வாடகைக்கு இருக்கும் நிலக்கீழ் வீட்டின் சொந்தக்காரரும் தமிழர். ஆங்கிலம் தேவைப்படும் அலுவலகங்கள் திறந்திருக்கும் நேரத்தில் அவர் உறங்கவேண்டும். ஆகவே தாயும் மகளும் பேருந்தில் செல்கின்றனர். தாய்க்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், கதைக்கக் கூச்சம். கருமபீடத்தில் இருப்பவர் ஏதேனும் கேட்டவுடன் தாய் மகளைத் திரும்பிப் பார்க்கின்றாள். மூன்றாவது அலுவலகத்தில் அந்த அலுவலரும் தாயைப் பார்ப்பதை விட்டு, நேராகப் பிள்ளையிடமே பேசத் தொடங்கிவிடுகின்றார். நான்காவது இடத்தில் தாய் வாய் திறப்பதேயில்லை.

இவ்வாறு மூன்று வாரங்களில் ஒரு வழக்கம் உருவாகிவிடுகின்றது. எவரும் கூடி எடுத்த முடிவு அன்று அது. அவசரத்தில் அமைந்துவிட்ட ஒழுங்கு. எனினும் அவசரத்தில் அமைந்தவையே ஒரு குடும்பத்தில் நீண்ட காலம் நிலைக்கின்றன.

மூன்று இடங்கள், மூன்று சேதங்கள்

முதலாவது இடம் மருத்துவரின் அறை. தாய்க்குப் பல மாதங்களாக மாதவிடாயின்போது மிகையான இரத்தப்போக்கு. பயண அலைச்சல் என்று எண்ணிப் பொறுத்திருந்தவள், இப்போது மருத்துவரின் முன் அமர்ந்திருக்கின்றாள். அருகில் மொழிபெயர்க்கப் பன்னிரண்டு வயது மகள். தாயால் அதைச் சொல்ல இயலவில்லை. "வயித்துக்குள்ளை நோ எண்டு சொல்லு பிள்ளை" என்கின்றாள். மகள் அவ்வாறே கூறுகின்றாள். மருத்துவர் வலி நீக்கும் மாத்திரை எழுதிக் கொடுக்கின்றார். கருப்பையில் வளர்ந்திருந்த கட்டிகள் இரண்டு மாதங்களின் பின்னர், தமிழ் தெரிந்த தாதி ஒருவரிடம் தாய் மனந்திறந்த நாளிலேயே வெளிச்சத்துக்கு வருகின்றன. இங்கு மருத்துவரிடமும் தவறில்லை, மகளிடமும் தவறில்லை. சொல்லப்படாத நோயை எவரும் குணப்படுத்த முடியாது.

கூச்சம் இல்லாத இடத்திலும் சிக்கல் உண்டு. உளைவு, கடுப்பு, குத்து, எரிவு, விறைப்பு, இழுப்பு என்று வலிக்குத் தமிழில் எத்தனையோ சொற்கள். ஒவ்வொன்றும் மருத்துவருக்கு வேறு வேறு செய்தியைத் தருபவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இவை அனைத்துக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் 'பெயின்' ஒன்றுதான். ஆறு செய்திகள் ஒரு செய்தியாகச் சுருங்கி மருத்துவரின் காதை அடைகின்றன.

இரண்டாவது இடம் பாடசாலை. தம்பி வகுப்பில் வாய் திறப்பதில்லை, பிற பிள்ளைகளுடன் விளையாடுவதில்லை, அவனுக்கு மேலதிகக் கவனிப்புத் தேவைப்படலாம் என்று ஆசிரியை கூறுகின்றார். உறக்கமின்றி நேரே வேலையிலிருந்து வந்திருக்கும் தந்தையின் முகத்தை மகள் பார்க்கின்றாள். "தம்பி நல்லாய்ப் படிக்கிறானாம் அப்பா, கொஞ்சம் கதைச்சால் இன்னும் நல்லமாம்" என்று முடித்துவிடுகின்றாள். இதைப் பொய் என்று கூறுவது கடினம். தந்தை மீது கொண்ட இரக்கம் அது. ஆயினும் அந்த இரக்கத்தால் அச்சிறுவனுக்குக் கிடைக்கவேண்டிய உதவி ஓர் ஆண்டு பின்தள்ளப்படுகின்றது.

மூன்றாவது இடம் வீட்டின் சமையல் மேசை. உதவித்தொகை தொடர்பாக மேலதிக ஆவணங்கள் கோரி, குறித்த நாளுக்குள் அனுப்பும்படி அரச கடிதம் ஒன்று வருகின்றது. மகள் வாசிக்கின்றாள். பாதிச் சொற்கள் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று கூற அவளுக்கு வெட்கம். எல்லாம் தெரிந்தவள் என்றல்லவா வீட்டில் பெயர்? "பிறகு பார்ப்பம் அம்மா" என்று கடிதத்தைத் தன் புத்தகப் பையில் வைக்கின்றாள். அடுத்த மாதம் பணம் நின்றுவிடுகின்றது. அந்த இரவு, தன்னால்தான் வீட்டுக்குப் பணம் வரவில்லை என்ற எண்ணத்துடன் ஒரு சிறுமி விழித்திருக்கின்றாள். பெற்றோருக்கு இது தெரியாது.

இவற்றுக்கு மேல் இன்னுமோர் இழப்பு உண்டு. அப்பிள்ளையும் புதிதாக வந்தவளே. அவளுக்கும் இது அந்நிய நாடு. அவளும் ஏழாம் வகுப்பில் ஆங்கிலம் கற்கத் தொடங்கியவளே. தாயின் அலுவல்களுக்காக அவள் இழக்கும் பாடசாலை நாட்களை எவரும் கணக்கிடுவதில்லை.

அதிகாரம் இடம் மாறுகின்றது

பிள்ளைகள் வளர்ந்து பதினைந்து பதினாறு வயதானதும், "சொல்வழி கேட்கிறார்கள் இல்லை" என்று பெற்றோர் குறைப்படுவதுண்டு. வெள்ளைக்காரப் பண்பாட்டின் தாக்கம், நண்பர்களின் சேர்க்கை, தொலைபேசி என்று பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் முதல் வாரங்களில் நிகழ்ந்ததை எவரும் நினைவுகூர்வதில்லை. வெளியுலகம் முழுவதையும் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்குள் மட்டும் கீழ்ப்படிவை எதிர்பார்ப்பது எங்ஙனம் இயலும்? வங்கியில் இருக்கும் பணம், தாயின் நோய், தந்தையின் வேலைநீக்கக் கடிதம் ஆகிய அனைத்தையும் அறிந்த பிள்ளையிடம், "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று எந்தத் தந்தை கூறமுடியும்?

"அம்மாவுக்கு அது விளங்காது" என்று பிள்ளை முதன்முறை கூறும்போது அது உதவி. பத்தாவது முறை கூறும்போது அது தீர்ப்பு.

மறுபக்கத்து நியாயம்

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். பிள்ளை பெற்றோருக்கு உதவுவதில் என்ன தவறு? ஊரில் பேரப்பிள்ளைகள் அம்மம்மாவுக்குக் கடிதம் வாசித்துக் காட்டவில்லையா? தந்தி வந்தால் படித்த பிள்ளையைத்தானே தேடினார்கள்? இது நியாயமான கேள்வியே. குடும்பத்துக்குப் பயன்படுகின்றோம் என்ற உணர்வு ஒரு பிள்ளைக்குத் தன்னம்பிக்கையைத் தரும். பேருந்து வழித்தடத்தைக் கேட்டுச் சொல்வதும், பால் பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்வதும் எவருக்கும் தீங்கு செய்வதில்லை.

எனவே கோடு எங்கே கீறப்படவேண்டும் என்பதே கேள்வி. உடல்நலம், சட்டம், பணம், பிள்ளைகளின் சொந்தப் பாடசாலை விடயம் ஆகிய நான்கிலும் பிள்ளை மொழிபெயர்ப்பாளராக இருக்கலாகாது. ஊரில் அம்மம்மாவுக்குக் கடிதம் வாசித்த பிள்ளைக்கு, அக்கடிதத்துக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க ஒரு ஊரே இருந்தது. இங்கு வாசிப்பவளும் அவளே, முடிவெடுப்பவளும் அவளே.

இன்னொரு மறுப்பும் உண்டு. வெளியார் ஒருவரை மொழிபெயர்க்க அழைத்தால் வீட்டு விடயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற அச்சம் அது. தமிழ்ச் சமூகம் நெருக்கமாக வாழும் ஸ்காபரோ போன்ற இடங்களில் அந்த அச்சம் வெறும் கற்பனை அன்று. ஆனால் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். அறிமுகமானவர் வந்தால் வேறொருவரைக் கேட்கலாம். தொலைபேசி வழியே மொழிபெயர்ப்பவர் எதிரில் இருப்பவரின் முகத்தையே காண்பதில்லை. பேசுபவர் தமிழ்நாட்டவராயின் சில சொற்கள் வேறுபடலாம். "நோ" என்றால் அவருக்கு விளங்காமற் போகலாம். மறுமுறை வேறு சொல்லால் கூறுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

தொலைபேசியில் இருக்கும் கணினி மொழிபெயர்ப்பு போதாதா என்று இளையோர் கேட்பர். கடை விளம்பரத்துக்கும் படிவத்தின் தலைப்புக்கும் அது போதும். யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில் கூறப்படும் நோயையும் அச்சத்தையும் அது பல வேளைகளில் தவறாகவே விளங்கிக்கொள்கின்றது. தவறியதை அது தானாகத் தெரிவிப்பதும் இல்லை.

உரிமையாக இருப்பதை இரந்து கேட்கவேண்டியதில்லை

கனடாவின் உரிமைகள் சுதந்திரங்கள் சாசனம் 1982 இல் நடைமுறைக்கு வந்தது. வழக்கு நடைபெறும் மொழியை விளங்கிக்கொள்ளவோ பேசவோ முடியாத ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளரின் உதவி பெறும் உரிமை உண்டு என்று அதன் 14 ஆம் பிரிவு கூறுகின்றது. 1985 ஏப்ரல் 4 ஆம் நாள், 'சிங்' வழக்கில் தீர்ப்பளித்த கனேடிய உச்ச நீதிமன்றம், அகதிக் கோரிக்கையாளர் நேரில் தம் வாயால் தம் கதையைக் கூறும் வாய்ப்பு வழங்கப்படவேண்டும் என்று நிலைநாட்டியது. அதன் பயனைப் பெற்ற சமூகங்களுள் ஈழத்தமிழ்ச் சமூகமும் ஒன்று. அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளரை விசாரணைச் சபையே தன் செலவில் ஒழுங்கு செய்கின்றது. அங்கு எவரும் பிள்ளையை அழைத்துச் செல்வதில்லை. அங்கு காட்டும் கவனத்தை மருத்துவமனையிலும் பாடசாலையிலும் ஏன் காட்டக்கூடாது?

பல மருத்துவமனைகளில் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு வசதி உண்டு; கேட்டால் மட்டுமே கிடைக்கும். சிறிய மருத்துவ நிலையங்களில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே தமிழ் பேசும் மருத்துவரைத் தேடுவது, அல்லது வயது வந்த உறவினர் ஒருவரை அழைத்துச் செல்வது நல்லது. பல பாடசாலைகளில் குடியேறியோருக்கு உதவும் பணியாளர்கள் உள்ளனர். ஆசிரியர் சந்திப்புக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சில நாட்கள் முன்கூட்டியே அலுவலகத்தில் தெரிவிக்கவேண்டும். ஒன்ராறியோவில் 211 என்ற இலக்கத்தை அழைத்தால் எந்த உதவி எங்கு கிடைக்கும் என்பதை 150 க்கும் மேற்பட்ட மொழிகளில் கேட்டறியலாம். ரொறன்ரோவில் அவசரத்துக்கு 911 ஐ அழைப்பவர் ஆங்கிலம் தெரியாவிடினும் "ரமில்" என்ற ஒரே சொல்லைக் கூறி இணைப்பில் காத்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார். இந்த ஒரு சொல்லைத் தாயும் தந்தையும் வீட்டிலுள்ள மூத்தோரும் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்வது நன்று.

பெற்றோர் கற்கவேண்டும்

மொழிபெயர்ப்பாளர் ஓர் ஊன்றுகோல் மட்டுமே. நிலையான தீர்வு பெற்றோர் ஆங்கிலம் கற்பதே. புதிதாகக் குடியேறியோருக்கான 'லிங்க்' எனும் மொழிவகுப்பைக் கனேடிய மத்திய அரசு 1992 இல் ஆரம்பித்தது. நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களும் அகதியாக ஏற்கப்பட்டவர்களும் இதில் இலவசமாகக் கற்கலாம். மாலை வகுப்புகளும் இணையவழி வகுப்புகளும் உண்டு. சில இடங்களில் தாய்மார் கற்கும் நேரத்தில் சிறு குழந்தைகளைப் பராமரிக்கும் வசதியும் உண்டு. குடியுரிமை பெற்றபின் இவ்வகுப்பில் சேர முடியாது என்பதைப் பலர் காலம் கடந்தே அறிகின்றனர். குடியுரிமை பெற்றோரும் அகதிக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருப்போரும் மாகாண அரசின் உதவியுடன் கல்விச்சபைகள் நடத்தும் வளர்ந்தோர் ஆங்கில வகுப்புகளை நாடலாம். 18 வயது முதல் 54 வயது வரையானோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது கனேடிய மொழித்தர அளவீட்டில் நான்காம் படிக்கான சான்று காட்டவேண்டும். எப்படியும் கற்கவேண்டியதை முதல் ஆண்டிலேயே கற்றால், பிள்ளையின் தோளிலிருந்து சுமை இறங்கும்.

"வேலைக்குப் போகாமல் வகுப்புக்குப் போனால் வீட்டு வாடகை யார் கட்டுவது?" என்ற கேள்விக்கு எளிதான விடை இல்லை. முகவருக்குக் கொடுத்த கடனும் ஊருக்கு அனுப்பவேண்டிய பணமும் தந்தையின் கழுத்தில் இருக்கின்றன. இருவரும் ஒரே காலத்தில் கற்க இயலாதெனின் ஒருவரேனும் கற்கவேண்டும். பல வீடுகளில் அந்த ஒருவர் தாயாக இருப்பதே பொருத்தம். பாடசாலைக்கும் மருத்துவரிடமும் செல்பவர் அவரே. சோறு சமைப்பதற்கும் பிள்ளை பார்ப்பதற்கும் ஆங்கிலம் எதற்கு என்று எண்ணும் கணவர்மார், மருத்துவரின் அறையில் மௌனமாக இருந்த அத்தாயை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

கற்கும் வரை செய்யக்கூடிய சிறு காரியங்களும் உள்ளன. கருமபீடத்தில் முதல் வாக்கியத்தைப் பெற்றோரே பேசட்டும். பெயர், முகவரி, பிறந்த திகதி ஆகியவற்றைத் தாயே கூறட்டும். உச்சரிப்புப் பிழைத்தாலும் கூறட்டும். பிள்ளை அருகில் நின்று, முடியாத இடத்தில் மட்டும் உதவட்டும். கடிதங்கள் அடங்கிய கோப்பு பெற்றோரின் அலுமாரியில் இருக்கட்டும். விளங்காத கடிதத்தை "விளங்கவில்லை" என்று கூறும் பிள்ளையைப் பாராட்டவேண்டும்.

முன்பு வந்தவர்களின் கடன்

1986 ஆகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டு மீட்டனர். அக்காலத்தில் கனடாவுக்கு வந்த தமிழரில் பலர் தனித்து வந்த இளைஞர். அவர்களுக்கு முன்னே சென்று பேசப் பிள்ளைகள் இருக்கவில்லை. தமிழ்க் கடைத்தெருக்களும் இருக்கவில்லை. தட்டுத் தடுமாறித் தாமே பேசினர். இன்று வருபவருக்குத் தமிழிலேயே வாழக்கூடிய ஒரு சூழலை அவர்கள் கட்டியெழுப்பியுள்ளனர். அது பெருமைக்குரியது. ஆனால் அச்சூழலின் சுவருக்குள் பெற்றோர் தங்கிவிட, சுவரில் இருக்கும் ஒரே சாளரமாகப் பிள்ளை ஆகிவிடுவதும் அதன் விளைவே.

ஆகவே முன்பு வந்தவர்களுக்கு ஒரு கடமை உண்டு. புதிதாக வரும் உறவினருக்குப் பானை சட்டியும் மெத்தையும் கொடுப்பதுடன், முதல் மாதத்தில் இரண்டு நாட்கள் விடுப்பெடுத்து மருத்துவரிடமும் பாடசாலைக்கும் உடன் செல்லவேண்டும். பணத்தைவிட அந்த இரண்டு நாட்கள் பெறுமதி மிக்கவை. பன்னிரண்டு வயதில் மொழிபெயர்த்த பிள்ளைகள் பலர் இன்று முப்பது வயதை எட்டிய தாதியராகவும் சட்டத்தரணிகளாகவும் பொறியியலாளராகவும் உள்ளனர். அந்தச் சுமையின் நிறையை அறிந்தவர்கள் அவர்களே. மாதத்தில் ஒரு சனிக்கிழமையைப் புதிய குடும்பங்களின் கடிதங்களை வாசித்துக் கொடுப்பதற்கு அவர்கள் ஒதுக்கினால், இன்னொரு சிறுமி நிம்மதியாக உறங்குவாள்.

இதற்கு அவ்விளையோரின் தமிழும் உயிருடன் இருக்கவேண்டும். பாலத்துக்கு இரு கரைகள் வேண்டும். ஒன்ராறியோவில் பிறமொழிக் கல்வித் திட்டம் 1977 முதல் உள்ளது. 25 பிள்ளைகளின் பெற்றோர் எழுத்தில் கோரினால் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பை ஒழுங்கு செய்யும் கடப்பாடு கல்விச்சபைக்கு உண்டு. பெற்றோர் ஆங்கிலத்தை நோக்கி நான்கு படிகள் ஏறவும், பிள்ளைகள் தமிழில் தொடர்ந்து வளரவும் வழி இருக்கும்போது, இரு தலைமுறைகளும் இடைத்தரகர் இன்றிப் பேசிக்கொள்ள முடியும்.

விமான நிலையத்தில் அந்தக் கோப்பைப் பிள்ளை சுமந்து வந்ததில் தவறில்லை. வீடு வந்து சேர்ந்ததும், தந்தையோ தாயோ அதை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளவேண்டும். "இனி இது எங்கடை வேலை, நீ படி" என்று அவளிடம் கூறவேண்டும். புதிய நாட்டில் ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் கொடுக்கக்கூடிய முதற் பரிசு அதுவே.